எட்டுக் கிரேடும் மூன்று உருப்படியும்

பிள்ளையைப் பியானோ வகுப்பில் சேர்த்து ஓராண்டு நிறைவதற்குள், முதல் கிரேடு பரீட்சைக்குப் பணம் கட்டிவிடலாமா என்ற பேச்சு சென்னைக் குடும்பங்களில் எழுந்துவிடுகிறது. கணக்கிலும் விஞ்ஞானத்திலும் மதிப்பெண்ணைக் கொண்டே குழந்தையின் புத்தியை அளந்து பழகிய பெற்றோருக்கு, 1889-இல் இலண்டனில் தோன்றிய ஒரு பரீட்சை முறை சங்கீதத்துக்கும் அப்படியோர் அளவுகோலைக் கொண்டுவந்து கொடுத்திருப்பது பெரிய ஆறுதலாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்தப் பரீட்சையில் என் கவலையெல்லாம் சைட் ரீடிங் என்ற பகுதியைப் பற்றியது. நெடுங்காலமாக வழங்கிவரும் திட்டப்படி மொத்தம் 150 மதிப்பெண். தேறுவதற்கு 100 வேண்டும். மூன்று உருப்படிகளுக்குத் தலா 30, ஸ்கேல்களுக்கு 21, காதால் கேட்டறியும் ஆரல் பகுதிக்கு 18, முன்பின் பாராத ஸ்வரத்தாளை அரை நிமிஷம் நோக்கிவிட்டு வாசிக்கும் சைட் ரீடிங்குக்கு 21. இந்தக் கடைசிப் பகுதியில் வெறும் 7 பெற்ற பிள்ளையும், மற்றவற்றில் 93 சேர்த்துவிட்டால் தேறிவிடலாம்.

மூன்றாம் கிரேடில் உயர்ந்த மதிப்பெண் வாங்கிய ஒரு சிறுமியின் முன்னே, ஆசிரியை முதல் கிரேடு புத்தகத்திலிருந்து எட்டே தாளக்கட்டுகள் கொண்ட பக்கமொன்றை விரித்து வைத்தார். பரீட்சைக்குரிய உருப்படிகளைச் சற்றுமுன் அத்தனை நேர்த்தியாக வாசித்த அக்குழந்தை, அடிக்கோட்டிலிருந்து இ, ஜி, பி என்று விரல்வைத்து எண்ணி மேலேறினாள். இடக்கை மடியிலேயே கிடந்தது. ஆண்டு முழுவதும் மூன்றே உருப்படிகளை ஆசிரியையின் விரல்களைப் பார்த்தும், கைப்பேசிப் படத்தைப் பார்த்தும் உருப்போட்ட பிள்ளைக்கு வேறென்ன கைவரும்? 2020 முதல், நான்கு உருப்படிகளைப் படம்பிடித்து அனுப்பினாலே போதும் என்ற மாற்று வழியும் அம்முறையிலேயே வந்துவிட்டபடியால், சைட் ரீடிங்கைத் தொடாமலே எட்டாம் கிரேடு வரை ஏறிவிடலாம் என்ற நிலைமை ஏற்பட்டிருக்கிறது. பாடத்திலில்லாத புத்தகத்தைத் தானே பிரித்து வாசிக்கும் ஆனந்தம் அந்தப் பிள்ளைக்கு ஒருநாளும் வாய்க்காமல் போகுமே என்பதுதான் என் மனத்தை வாட்டுகிறது.

பரீட்சை இருந்தால்தான் பிள்ளை தினமும் பியானோ முன் உட்காருகிறது என்பாரும், பிரிட்டனில் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு மேல்கிரேடுகளின் புள்ளிகள் உதவும் என்பாரும் உண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் கிரேடுகளை ஒன்றுவிடாமல் எழுதித் தீரவேண்டும் என்ற நிபந்தனை எதுவும் கிடையாது. ஐந்தாம் கிரேடு தியரிப் பரீட்சையில் தேறியிருந்தால், கீழ்ப்படிகளை எழுதாத பிள்ளையும் நேரே ஆறாவதற்கு அமரலாம். இடையில் மிஞ்சும் ஆண்டுகளில் எளிய நடனத் துண்டுகள், தேவாலயப் பாட்டுகள், சினிமாப் பாட்டுகள் என்று வாரத்துக்கொரு புதுப்பக்கத்தை வாசித்துப் பழகட்டும்.

ஆகவே பெற்றோரே, கட்டணம் கட்டுமுன், எழுதவிருக்கும் கிரேடுக்கு இரண்டு படி தாழ்ந்த, பிள்ளை கண்டிராத பக்கமொன்றை விரித்து வையுங்கள். நிதானமாகவேனும் இரு கைகளாலும் வாசித்து முடித்தால், பிள்ளைக்கும் விருப்பமிருந்தால், தாராளமாக எழுதட்டும். இல்லையேல் இவ்வாண்டு பரீட்சை வேண்டாம்.