நாலுக்குக் கீழே இருந்தால் போதுமா?

தொப்பூரிலிருந்து வடக்கே போனால் தருமபுரி, தெற்கே போனால் சேலம். புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடித்து ஊர் திரும்பியவர், பி.எஸ்.ஏ. பார்க்க இந்த இரண்டில் எது தோதுப்படுகிறதோ அங்கே போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருவார். சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வரும். முடிவு 0.8 என்றும், அதற்கு நேரே இயல்பளவு 0 முதல் 4 வரை என்றும் இருக்கும். எண் தடித்த எழுத்தில் இருக்காது, பக்கத்தில் நட்சத்திரக் குறியும் இருக்காது. வீட்டில் படித்த பிள்ளை யாராவது பார்த்துவிட்டு, “நார்மல்தான்ப்பா” என்று சொல்லிவிடும்.

சுரப்பியை முழுதாக எடுத்தவருக்கு அந்த 0.8 நார்மல் அல்ல. தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டிய எண் அது.

0 முதல் 4 என்பது சுரப்பி உடம்பில் இருக்கிற ஆண்களுக்கான கணக்கு. பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் செல்கள் சுரக்கும் ஒரு புரதம். நல்ல செல்லும் சுரக்கும், புற்றுநோய் செல்லும் சுரக்கும். சுரப்பியையே எடுத்துவிட்டால் ரத்தத்தில் மிச்சமிருப்பது இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பாதியாகி, ஆறு முதல் எட்டு வாரத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 0.1 நானோகிராமுக்கும் கீழே போய்விட வேண்டும். முதல் பரிசோதனையை அதுவரை தள்ளி வைப்பது இதனால்தான். பிறகு எப்போதாவது 0.2-ஐத் தொட்டு, மறுமுறை பார்த்தாலும் குறையாமல் நின்றால், நோய் திரும்புவதற்கான அறிகுறியாக டாக்டர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். லேபில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு இவர் ஆபரேஷன் ஆனவர் என்று தெரியாது. எல்லோருக்கும் அதே 0–4 தான் அச்சாகும்.

இந்தப் புரதத்தை 1979-ல் அமெரிக்காவின் பஃபலோ நகரில், ராஸ்வெல் பார்க் ஆய்வகத்தில் பிரித்தெடுத்தார்கள். 1986-ல் அந்நாட்டு அரசு இந்தப் பரிசோதனைக்கு முதலில் அனுமதி கொடுத்தது, நோய் இருப்பது தெரிந்தவர்களைத் தொடர்ந்து கவனிப்பதற்காகத்தான். நோயைக் கண்டறிய உதவும் சோதனை என்ற அனுமதி 1994-ல்தான் வந்தது. எல்லா ஆண்களுக்கும் பி.எஸ்.ஏ. பார்க்கலாமா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு பார்ப்பதில் அப்படி ஒரு சண்டையே கிடையாது.

ஒரு குழப்பத்தை இங்கே தீர்த்துவிட வேண்டும். நம் பக்கம் ‘புராஸ்டேட் ஆபரேஷன்’ என்று இரண்டு வேறு சிகிச்சைகளைச் சொல்கிறோம். சிறுநீர் அடைப்புக்காக, சிறுநீர்ப் பாதை வழியே கருவியை விட்டு உள்பக்கத்தை மட்டும் செதுக்கி எடுப்பது டி.யூ.ஆர்.பி. அதில் சுரப்பியின் வெளிப்பகுதி உள்ளேயே இருப்பதால் 0.2 கணக்கு பொருந்தாது. புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுதாக எடுப்பது ‘ரேடிகல் புராஸ்டேடெக்டமி’. டிஸ்சார்ஜ் சம்மரியில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஆபரேஷன் இல்லாமல் கதிர்வீச்சு மட்டும் எடுத்தவர்களுக்குக் கணக்கு வேறு: இறங்கிய அளவிலேயே மிகக் குறைந்ததிலிருந்து 2 கூடினால்தான் நோய் திரும்பியதாகக் கொள்கிறார்கள்.

இன்னொன்று, லேபை மாற்றாதீர்கள். கருவியும் ரசாயனமும் மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும். நாலு, ஐந்து என்ற அளவில் அந்த வித்தியாசம் பெரிதில்லை, 0.1, 0.2 என்று பார்க்கும்போது அதுவே தூக்கத்தைக் கெடுத்துவிடும். தருமபுரியில் ‘0.1-க்குக் கீழ்’ என்று வந்தவருக்கு, நுணுக்கமாக அளக்கும் சேலம் லேபில் 0.03 என்று வந்தால் ஏறிவிட்டதாக அர்த்தமில்லை. முடி உதிர்வுக்குப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை லேபில் சொல்ல வேண்டும். சில கருவிகளில் அது எண்ணைக் குறைத்துக் காட்டிவிடும்.

ஏறியது உறுதியானால்? பயந்து சாக வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1999-ல் வெளியிட்ட ஆய்வில், பி.எஸ்.ஏ. ஏறிய பிறகும் வேறு இடத்துக்குப் பரவும்வரை சிகிச்சை தராமல் கவனித்து வந்தார்கள். அப்படிப் பரவியது தெரிய நடுவாக எட்டு ஆண்டுகள் ஆயின. எல்லோருக்கும் இந்த எட்டு ஆண்டு கிடைக்காது. எண் எவ்வளவு சீக்கிரம் இரட்டிக்கிறது என்பதுதான் முக்கியம். மூன்று மாதத்தில் 0.2 என்பது 0.4 ஆவதும், இரண்டு வருஷத்தில் ஆவதும் ஒன்றல்ல. சுரப்பி இருந்த இடத்துக்குக் கதிர்வீச்சு கொடுப்பது, எண் 0.5-ஐத் தாண்டுவதற்கு முன்பே தொடங்கினால் நன்றாகப் பலிக்கும். 0.2-ஐத் தொட்ட எண்ணை நார்மல் என்று ஒதுக்கி ஒரு வருஷம் காத்திருப்பவர் இழப்பது இந்த வாய்ப்பைத்தான். இவ்வளவு குறைந்த அளவில், நோய் எங்கே இருக்கிறது என்று தேடும் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேனில்கூட ஒன்றும் தெரியாமல் போகலாம். ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது என்று சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

முதல் ஆண்டில் மூன்று அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, சில ஆண்டுகள் கழித்து வருஷத்துக்கு ஒருமுறை பார்ப்பது வழக்கம். டாக்டர் நோயின் தீவிரத்தைப் பார்த்து இதை மாற்றுவார். வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. காலையில் சாப்பிட்டுவிட்டே பஸ் ஏறலாம். ஃபைலின் முதல் பக்கத்தில் தேதி, எண், லேப் பெயர் மூன்றையும் வரிசையாக எழுதி வையுங்கள். வேலூரிலோ பெங்களூருவிலோ ரிவ்யூவுக்குப் போகும்போது டாக்டர் முதலில் கேட்பது அந்த வரிசையைத்தான்.