மோட்டார் ரூமில் எலித் தொல்லையா? விஷம் வைக்கும் முன் ஓட்டையை அடையுங்கள்!

இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டார் கோவையில் பிறந்தது. 1937-ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து அதை உருவாக்கினார்கள். இன்றும் கொங்கு மண்டலத்துத் தோட்டங்களில் தென்னையும் மஞ்சளும் மோட்டாரை நம்பித்தான் இருக்கின்றன. அந்த மோட்டாருக்குப் போகும் வயரில்தான் எலி வாய் வைக்கிறது.

ஏன் கடிக்கிறது?

பசிக்காக அல்ல. எலியின் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளரும். ஆண்டுக்குச் சுமார் 4 முதல் 5 அங்குலம். எதையாவது கடித்துத் தேய்த்துக்கொண்டே இருந்தால்தான் அதனால் இரை தின்ன முடியும். அந்தப் பல் செம்பைவிடக் கடினமானது. பி.வி.சி. உறை எம்மாத்திரம்?

உயிருக்கே ஆபத்து

உறை போன வயர் இரும்புப் பெட்டியில் உரசினால் பெட்டியிலும் மின்சாரம் பாயும். எர்த் சரியில்லாத இடத்தில், மும்முனை கரண்ட் வந்ததும் இருட்டில் ஈரக்காலோடு போய் ஸ்டார்ட்டரைத் தொடுபவரின் கதி என்ன?

பெரிய இடங்களும் தப்பவில்லை. 2013 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில், மின் பெட்டிக்குள் புகுந்த ஓர் எலியால் எரிபொருள் குளங்களைக் குளிர்விக்கும் பணியே ஒரு நாளுக்கு மேல் தடைபட்டது.

என்ன செய்யலாம்?

* சுண்டெலி நுழைய 6 மில்லிமீட்டர் சந்து போதும். சுவர் ஓட்டைகளில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து சிமென்ட் பூசுங்கள். துணி, தெர்மாகோல் நிற்காது.
* ஸ்டார்ட்டர் பெட்டியில் வயர் நுழையும் துளைக்கு கிளாண்ட் போடச் சொல்லுங்கள். பெட்டிக்குள் கம்பி நார் கூடவே கூடாது. அதில் மின்சாரம் பாயும்.
* மண்ணுக்குள் போகும் வயருக்கு இரும்புக் கம்பி சுற்றிய ஆர்மர்டு கேபிள் நல்லது. அந்த இரும்புக்கும் எர்த் கொடுக்க வேண்டும்.
* தீவன மூட்டை, தேங்காய் மட்டை, பழைய சாக்கு எதையும் மோட்டார் ரூமில் அடுக்காதீர்கள். எலி கூடு கட்டுவது அங்கேதான்.
* வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கட்டும். கசிவு ஏற்பட்டால் நொடிக்குள் மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

விஷம் வைத்தால் ஓர் எலி சாகும். ஓட்டை திறந்திருந்தால் அடுத்தது வரும். செத்த எலியைத் தின்னும் கூகையும் நாயும்கூடச் சாகலாம்.

கடிபட்ட வயர் கண்ணில் பட்டால் தொடாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். டேப் சுற்றி ஒப்பேற்ற வேண்டாம். வயரை மாற்றும் செலவு, ஓர் உயிருக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.