கிணற்றடிச் சேம்பு

நம் கொல்லைகளில் குளித்த ஜலம் ஓடும் இடத்தில், எவரும் நடாமலே யானையின் காதைப்போல் விரிந்து நிற்பது சேம்பு. இலைமேல் விழுந்த நீர் முத்தாய்த் திரண்டு உருளுவதைக் கண்டு குழந்தைகள் கைகொட்டுவார்கள். அத்துடன் நாம் அதை மறந்துவிடுகிறோம்.

சேம்புக்கு வேண்டுவது அதிகமில்லை. முளைவிட்ட கிழங்கை இரண்டடிக்கு ஒன்றரையடி இடைவிட்டு நட்டு, மக்கிய எருவிட்டு, மண் காயாமல் காத்து, இரண்டொரு முறை மண் அணைத்தால் போதும். ஐந்தாறு மாதங்களில் இலை பழுத்துச் சாயும், அப்போது தோண்டலாம். கிழங்கின் அரிப்பு, அதிலுள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்ஸலேட் படிகங்களால் உண்டாவது. நன்றாக வேகவைத்துப் புளி சேர்க்க வேண்டுமென்று நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அடைமழையில், இலையின்மீது நீர் கோத்த வட்டப் புள்ளி தோன்றினால் அசட்டையாய் இருக்கலாகாது. அது இலைக்கருகல் நோய். பசிபிக் ஸமுத்திரத்திலுள்ள ஸமோவாவில் சேம்பு பிரதான ஆகாரம்; முக்கிய ஏற்றுமதியுங்கூட. பெரும்பாலும் ஒரே ரகத்தையே அங்கு பயிரிட்டிருந்தார்கள். 1993-ஆம் ஆண்டில் இந்நோய் புகுந்தது. பயிர் பாழாயிற்று, ஏற்றுமதியும் ஏறக்குறைய நின்றே போயிற்று. பிறகு ஆசிய ரகங்களோடு கலப்புச் செய்து, நோய் தாங்கும் செடிகளைப் பல ஆண்டுகள் முயன்று உண்டாக்கினார்கள்.

ஆகையால் கருகிய இலையை உடனே கிள்ளி அப்புறப்படுத்துங்கள். நெருக்கி நடவேண்டாம், நாமே ஒரு வருஷம் அப்படி நட்டு ஒரு பாத்தி முழுவதையும் இழந்தோம். அடுத்த வீட்டுக் கொல்லையில் வேறு ரகம் இருந்தால், கூச்சப்படாமல் இரண்டு கிழங்கு கேட்டு வாங்கி நட்டு வையுங்கள்.