ஒருவருக்கு 56 பேர்: தராசில் ஏறாத மூவர்

பெங்களூருவில் கோரமங்களாவை ஒட்டிய ஈஜிபுராவிலும் அதை அடுத்த விவேக்நகரிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வசிக்கின்றன. கூலி வேலை, கட்டட வேலை, சிறுவணிகம் என வாழ்ந்துவரும் இத்தகைய குடியிருப்புகளுக்கும் சத்தியமங்கலம் காட்டுக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் 2000-ம் ஆண்டில் அந்தக் காட்டில் நடந்த ஒரு பேரத்தில் பெங்களூருத் தமிழர்களின் பாதுகாப்பும் ஒரு காரணமாக எடுத்து வைக்கப்பட்டது.

அவ்வாண்டு ஜூலை 30-ம் தேதி இரவு, தாளவாடி அருகே தொட்டகாஜனூரில் உள்ள தமது பண்ணை வீட்டில் இருந்த கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திச் சென்றான். அப்போது அவருக்கு வயது 71. பெங்களூருவில் பள்ளிகளும் திரையரங்குகளும் மூடப்பட்டன. 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்னையை ஒட்டி மூண்ட கலவரம் தமிழர்களின் நினைவில் மங்காதிருந்த காலம் அது. நடிகருக்கு ஏதேனும் நேர்ந்தால் விளைவு என்னவாகும் என்பதை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வீரப்பன் விடுத்த கோரிக்கைகளில் காவிரி நடுவர் மன்ற இடைக்காலத் தீர்ப்பு, 1991 கலவரத்தில் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு, பெங்களூருவில் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலையைத் திறப்பது ஆகியவை இடம்பெற்றிருந்தன. எனினும், பேரத்தின் மையமாக இருந்தவர்கள் கைதிகளே. மைசூரு சிறையில் தடா சட்டத்தின் கீழ் அடைக்கப்பட்டிருந்த 51 பேரையும், தமிழகச் சிறைகளில் இருந்த ஐவரையும் விடுவிக்க வேண்டும் என்றான். கர்நாடக முதல்வர் எஸ்.எம். கிருஷ்ணாவும் தமிழக முதல்வர் மு. கருணாநிதியும் இசைந்தனர். மாநிலத்தில் அமைதி நிலவ வேண்டும் என்ற காரணத்தைக் காட்டி, தடா குற்றச்சாட்டுகளைத் திரும்பப் பெறுவதற்கான மனு ஆகஸ்டில் மைசூரு சிறப்பு நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்டது. நீதிமன்றமும் அனுமதித்தது.

அதை எதிர்த்து தில்லியில் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியவர் அப்துல் கரீம். ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி. அவருடைய மகனான உதவி ஆய்வாளர் ஷகீல் அகமது, 1992 ஆகஸ்ட் 14-ம் தேதி காவல்துறைக் கண்காணிப்பாளர் ஹரிகிருஷ்ணாவுடன் வீரப்பன் கும்பலின் பதுங்கித் தாக்குதலில் கொல்லப்பட்டவர். மகனைக் கொன்ற வழக்கு விசாரிக்கப்படாமலேயே கைவிடப்படுவதை அத்தந்தையால் ஏற்க இயலவில்லை. நாடே ஒரு நடிகரின் உயிருக்காகக் கலங்கிக்கொண்டிருந்த வேளையில் இப்படியொரு மனுவைத் தொடுக்க எத்துணை மன உறுதி வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

நீதிபதி எஸ்.பி. பரூச்சா தலைமையிலான மூவர் அமர்வு நவம்பர் 7-ம் தேதி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வழக்கைத் திரும்பப் பெறுவதில் அரசு வழக்கறிஞர் தாமே சீர்தூக்கி முடிவெடுத்ததாகத் தெரியவில்லை என்று கூறி, சிறப்பு நீதிமன்றத்தின் அனுமதியை ரத்து செய்தது. ஆண்டுக்கணக்கில் வீரப்பனைப் பிடிக்காத அரசுகளையும் சாடியது.

எதிரிகள் கைதிகளைப் பரிமாறிக்கொள்வது புதிதன்று. 2002 செப்டம்பரில் இலங்கையின் ஓமந்தையில் விடுதலைப் புலிகள் 7 பேரை விடுவித்தனர். அரசு 13 பேரை ஒப்படைத்தது. இரு படைகள் தத்தம் வீரர்களை மீட்டுக்கொள்ளும்போது எந்தக் கொலை வழக்கும் கைவிடப்பட வேண்டியதில்லை. 1999 டிசம்பரில் காந்தஹாரில், கடத்தப்பட்ட விமானப் பயணிகளுக்காக மூன்று தீவிரவாதிகள் விடுவிக்கப்பட்டதும், 2011-ல் கிலாத் ஷாலித் என்ற ஒரு வீரருக்காக இஸ்ரேல் 1,027 கைதிகளை விடுவித்ததும் வேறு வகை. எண்ணிக்கையை வைத்து இவற்றை அளப்பது பிழை. விடுவிக்கப்படுபவர் யார், எதற்காகச் சிறையில் இருக்கிறார் என்பதே கேள்வி.

மைசூரு சிறையில் இருந்தவர்கள் யார்? பெரும்பாலும் மலையோர கிராமங்களின் ஏழை மக்கள். தடா சட்டமே 1995-ல் காலாவதியாகிவிட்டது. அதன் பின்னரும் தீர்ப்பின்றி ஆண்டுகள் பல கழிந்தன. 2001-ல் சிறப்பு நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் மிகப் பெரும்பான்மையினர் விடுதலையாயினர். ஓராண்டு முன்னதாகப் பரிமாற்றம் நிறைவேறியிருந்தால் இவர்கள் நிரபராதிகளாக அல்ல, வீரப்பனால் மீட்கப்பட்டவர்களாகவே ஊர் திரும்பியிருப்பார்கள். அதிரடிப்படை அந்த முத்திரையை எப்படிப் பார்த்திருக்கும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படையின் அத்துமீறல்களால் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு ரூ. 2.80 கோடி இடைக்கால இழப்பீடு வழங்க 2007-ல் தேசிய மனித உரிமை ஆணையம் பரிந்துரைத்தது.

தண்டனை பெற்றவர்களில் நால்வருக்கு ஆயுள் தண்டனையை மரண தண்டனையாக 2004-ல் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. கருணை மனுக்கள் மீது முடிவெடுப்பதில் ஏற்பட்ட தாமதத்தைக் காரணம் காட்டி 2014-ல் அதே நீதிமன்றம் அதைக் குறைத்தது. ஆக, ஒரே பட்டியலில் நிரபராதியும் குற்றவாளியும் எனக் கருதப்பட்டவர்கள் கலந்திருந்தனர். அவர்களைப் பிரித்தறிய வேண்டிய விசாரணையை இழுத்தடித்ததும் அரசு. அவர்களைச் சேர்த்தே கைமாற்ற முன்வந்ததும் அரசு. கைதிகள், இறந்தவரின் தந்தை, பெங்களூருத் தமிழர் ஆகிய மூவரில் ஒருவரையும் கேட்டு இப்பேரம் பேசப்படவில்லை.

தீர்ப்பு வந்த எட்டாம் நாள், நவம்பர் 15-ல், 108 நாள் சிறைவாசத்துக்குப் பின் ராஜ்குமார் விடுதலையானார். பெரும் தொகை கைமாறியதாக கர்நாடகத்தின் முன்னாள் காவல்துறைத் தலைவர் சி. தினகர் தமது நூலில் குற்றம் சாட்டினார். 2002 ஆகஸ்டில் கர்நாடக முன்னாள் அமைச்சர் எச். நாகப்பாவை வீரப்பன் கடத்தினான். டிசம்பரில் அவர் சடலமாக மீட்கப்பட்டார். 2004 அக்டோபரில் வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டான். ராஜ்குமார் கடத்தல் வழக்கில் எஞ்சிய ஒன்பது பேரையும் 2018-ல் கோபிசெட்டிபாளையம் நீதிமன்றம் விடுதலை செய்தது.

ஈஜிபுராவிலிருந்து சிறிது தூரத்தில் உள்ள அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்ட் 9-ம் தேதி கருணாநிதியால் திறந்து வைக்கப்பட்டது. நான்கு நாள்கள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. இரு மாநில முதல்வர்கள் பேசி முடித்த அந்தப் பரிமாற்றத்துக்கு எவரையும் கடத்த வேண்டியிருக்கவில்லை.