தொலைவிலுள்ள நண்பருக்குப் பெரிய காணொளி: அனுப்பும் வழிகளும் அடிப்படை வசதிகளும்

1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை நம் நாட்டில் செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை நடைபெற்றது. ஆறு மாநிலங்களைச் சேர்ந்த சுமார் 2,400 கிராமங்களின் மக்கள் வேளாண்மை, சுகாதாரம், கல்வி பற்றிய நிகழ்ச்சிகளைக் கண்டு பயனடைந்தனர். அன்று கிராமத்துக்கு வாய்த்தது பெறும் வசதி மட்டுமே. படம் நகரிலிருந்து கிராமத்துக்கு வந்ததேயன்றி, கிராமத்திலிருந்து வெளியே செல்ல வழி இருக்கவில்லை.

இன்று நிலைமை மாறியுள்ளது. கைபேசி வைத்திருக்கும் எவரும் படம் பிடிக்க முடிகிறது. நெசவாளர் தம் தறியின் நுணுக்கத்தையும், விவசாயி பயிரைத் தாக்கிய நோயையும், ஆசிரியர் தம் ஊரின் கலையையும் பதிவு செய்கின்றனர். ஆனால் பதிவு செய்ததைத் தொலைவிலுள்ள ஒருவருக்கு முழுமையாக அனுப்புவது எல்லோருக்கும் எளிதாக இல்லை. இதற்கான வழிகள் யாவை, தடை எங்குள்ளது என்பவை ஆராயத்தக்கவை.

கோப்பு ஏன் பெரிதாகிறது?

லட்சத்தீவைச் சேர்ந்த அகத்தியில் ஓர் ஆசிரியர், அத்தீவின் பரிச்சகளி ஆட்டத்தைக் கைபேசியில் ஒன்றே கால் மணி நேரம் பதிவு செய்து, கௌஹாத்தியிலுள்ள நண்பருக்கு அனுப்ப விரும்புவதாகக் கொள்வோம். வழக்கமான முழு உயர் தெளிவுப் பதிவு நிமிடத்துக்குச் சுமார் 130 மெகாபைட் இடம் பிடிக்கும். ஆகவே அவருடைய கோப்பு ஏறத்தாழ 10 கிகாபைட் அளவுடையதாக இருக்கும்.

இதுவும் ஏற்கெனவே சுருக்கப்பட்ட அளவே. சுருக்கம் எதுவுமின்றி வைத்தால் ஒரு நிமிடப் படமே 11 கிகாபைட்டுக்கு மேல் வரும். ஒரு சட்டத்துக்கும் அடுத்த சட்டத்துக்கும் இடையே மாறாத பகுதிகளை மீண்டும் எழுதாமல் விடுவதன் மூலம் கைபேசி இந்தச் சிக்கனத்தைச் செய்கிறது. இக்காரணத்தால், எழுத்துக் கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் ‘ஜிப்’ முறை காணொளிக்கு அநேகமாகப் பயன் தருவதில்லை. 2003 இல் வந்த எச்.264 முறைக்குப் பதிலாக, 2013 இல் வந்த எச்.265 முறையில் பதிவு செய்தால் ஏறத்தாழ அதே தரத்தைப் பாதியளவில் பெறலாம். ஆகவே முதற்சிக்கனம் படம் எடுக்கும்போதே செய்யப்பட வேண்டும்.

நான்கு வழிகள்

முதலாவது மின்னஞ்சல். பரவலாகப் பயன்படும் ஜிமெயிலில் இணைப்பின் உச்ச அளவு 25 மெகாபைட். இணைக்கப்படும் கோப்பு எழுத்து வடிவுக்கு மாற்றப்படும்போது மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடுவதால், உண்மையில் அனுப்பக்கூடியது இதனினும் குறைவு. எனவே பெரிய காணொளிக்கு இவ்வழி பொருந்தாது.

இரண்டாவது செய்திச் செயலிகள். வாட்ஸ்அப்பில் 2022 ஆம் ஆண்டு முதல் 2 கிகாபைட் வரையுள்ள கோப்புகளை அனுப்ப முடிகிறது. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கருத்தில் கொள்ள வேண்டும். ‘காணொளி’ என்று அனுப்பினால் செயலி அதை மேலும் சுருக்கித் தரத்தைக் குறைத்துவிடும். ‘ஆவணம்’ என்று அனுப்பினால் மூலக் கோப்பு அப்படியே சென்று சேரும். 10 கிகாபைட் கோப்பைப் பகுதிகளாகப் பிரித்தும் அனுப்பலாம். பெறுபவர் எல்லாப் பகுதிகளையும் பெற்று ஒன்றுசேர்த்தாலன்றிப் படத்தைக் காண இயலாது.

மூன்றாவது இணையச் சேமிப்பகம். கோப்பை அங்கே ஏற்றிவிட்டு, அதன் இணைப்பு முகவரியை மட்டும் நண்பருக்குத் தெரிவிப்பது இம்முறை. கூகுள் கணக்கு ஒவ்வொன்றுக்கும் 15 கிகாபைட் இடம் கட்டணமின்றிக் கிடைக்கிறது. எனினும் மின்னஞ்சல்களும் புகைப்படங்களும் இதே இடத்தையே பகிர்ந்துகொள்கின்றன. அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே நேரத்தில் இணைப்பில் இருக்கத் தேவையில்லை என்பது இதன் சிறப்பு. இணைப்பு முகவரி கிடைத்த எவரும் காணும்படி விடாமல், குறிப்பிட்ட நண்பர் மட்டும் திறக்குமாறு அனுமதியை வரையறுப்பதும், வேலை முடிந்ததும் கோப்பை நீக்குவதும் நல்ல பழக்கங்கள்.

நான்காவது, கணினியிலிருந்து கணினிக்கு நேரடியாக அனுப்புவது. இடையில் எங்கும் கோப்பு தங்குவதில்லை. அளவு வரம்பும் பொதுவாக இல்லை. ஆனால் பரிமாற்றம் முடியும்வரை இரு முனைகளிலும் மின்சாரமும் இணைப்பும் தடைபடாதிருக்க வேண்டும். எந்த வழியாயினும், விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியுள்ள மென்பொருளையே தேர்ந்தெடுப்பது விவேகமாகும். அவ்வசதி இல்லையேல், ஒன்பது கிகாபைட் சென்றபின் இணைப்பு அறுந்தாலும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியதாகும்.

காலமும் செலவும்

ஒரு பைட் என்பது 8 பிட். இணைப்பின் வேகம் பிட்டிலும் கோப்பின் அளவு பைட்டிலும் சொல்லப்படுவதால் பலர் கணக்கில் தவறுகின்றனர். 10 கிகாபைட் என்பது 80,000 மெகாபிட். பதிவேற்ற வேகம் வினாடிக்கு 50 மெகாபிட் எனில் இதை அனுப்ப ஏறத்தாழ 27 நிமிடம் போதும். 5 மெகாபிட் எனில் சுமார் நாலரை மணி நேரம். 1 மெகாபிட் எனில் 22 மணி நேரத்துக்கும் மேல்.

கைபேசி இணைப்பை மட்டுமே நம்பியிருப்போருக்கு நாள்தோறும் உள்ள ஒதுக்கீடும் ஒரு வரம்பாகிறது. நாளொன்றுக்கு 2 கிகாபைட் தரும் முன்பணத் திட்டத்தில், வேறு எதற்கும் செலவிடாவிட்டாலும் இக்கோப்பை அனுப்ப ஐந்து நாட்கள் ஆகும். ஒதுக்கீடு தீர்ந்தபின் பல திட்டங்களில் வேகம் வினாடிக்கு 64 கிலோபிட்டாகக் குறைகிறது. அந்த வேகத்தில் ஒரு கிகாபைட் அனுப்பவே சுமார் ஒன்றரை நாள் வேண்டும். பெறுபவரும் பதிவிறக்க அதே அளவு ஒதுக்கீட்டைச் செலவிட வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

அஞ்சலின் வலிமை

இந்நிலையில் பழைய வழியொன்றையும் புறக்கணிக்க முடியாது. 1986 இல் தொடங்கப்பட்ட விரைவஞ்சலில், 128 கிகாபைட் நினைவக அட்டை ஒன்றை அனுப்பினால், அது ஐந்து நாட்களில் சேர்வதாகக் கொண்டாலும், வினாடிக்கு 2 மெகாபிட்டுக்குச் சற்று அதிகமான வேகத்தில் இடைவிடாது அனுப்பியதற்கு அது சமம். அட்டை நிறைய அனுப்ப வேண்டியிருக்கும்போது மெதுவான இணைப்பைவிட அஞ்சலே மேலானது. ஆனால் ஒரு படி தம்மிடம் இருப்பதை உறுதி செய்துகொண்ட பின்னரே அட்டையை அனுப்ப வேண்டும். பழைய ‘ஃபேட் 32’ அமைப்பிலுள்ள அட்டையில் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை எழுத முடியாது என்பதால், ‘எக்ஸ்ஃபேட்’ முறையில் அமைத்துக்கொள்வதும் அவசியம்.

தடை எங்குள்ளது?

மேற்கண்ட கணக்குகள் யாவும் ஒன்றையே சுட்டுகின்றன. செயலிகளுக்குப் பஞ்சமில்லை, தடை பெரும்பாலும் அனுப்புபவரின் வாசலில் இருக்கிறது. பழைய செப்புக்கம்பி வழி அகன்ற அலைவரிசை, பதிவிறக்கத்துக்கு அகலமான பாதையும் பதிவேற்றத்துக்குக் குறுகிய பாதையும் கொண்டதாகவே வடிவமைக்கப்பட்டது. கைபேசி வலைப்பின்னல்களிலும் பெரும்பங்கு பதிவிறக்கத்துக்கே ஒதுக்கப்படுகிறது. நுகர்வோர் பெறுபவர் மட்டுமே என்ற கருத்து இவ்வமைப்புகளில் பொதிந்துள்ளது. 2023 ஜனவரியில் அகன்ற அலைவரிசையின் வரையறை, 2013 முதல் இருந்த வினாடிக்கு 512 கிலோபிட்டிலிருந்து 2 மெகாபிட்டாக உயர்த்தப்பட்டது. ஆனால் அதுவும் பதிவிறக்க வேகத்தையே குறிப்பிடுகிறது.

கண்ணாடி இழை இணைப்பு இந்த ஏற்றத்தாழ்வை வெகுவாகக் குறைக்க வல்லது; இருதிசையிலும் ஒரே வேகம் தருவது அதில் எளிது. இரண்டரை லட்சம் கிராம ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் திட்டத்துக்கு 2011 இல் ஒப்புதல் அளிக்கப்பட்டது. பின்னர் ‘பாரத்நெட்’ எனப் பெயர் பெற்ற அத்திட்டத்தின் திருத்திய வடிவத்துக்கு 2023 ஆகஸ்டில் 1.39 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்க இசைவு வழங்கப்பட்டது. சென்னையிலிருந்து அந்தமான் நிகோபார் தீவுகளுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கம்பிவடம் 2020 ஆகஸ்டில் செயல்படத் தொடங்கியது. கொச்சி–லட்சத்தீவு கம்பிவடம் 2024 ஜனவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. அதுவரை செயற்கைக்கோளையே நம்பியிருந்த லட்சத்தீவின் மொத்தத் திறன் இதனால் வினாடிக்கு 1.7 கிகாபிட்டிலிருந்து 200 கிகாபிட்டாகப் பெருகியது. அகத்தி ஆசிரியர் பெறும் பயன் இனி, கரைவரை வந்த இவ்வசதி அவர் வீட்டையும் பள்ளியையும் எவ்வளவு சேர்கிறது என்பதைப் பொறுத்தது.

செய்யத்தக்கவை

கம்பிவடம் ஊராட்சி அலுவலகத்தோடு நின்றுவிட்டால் முழுப் பயன் விளையாது. ஊராட்சி, நூலகம், பொதுச் சேவை மையம் ஆகியவற்றில் பொதுமக்கள் பெரிய கோப்புகளை நியாயமான கட்டணத்தில் பதிவேற்ற வழி செய்யலாம். 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற பொது வைஃபை திட்டமான ‘பிஎம்-வாணி’ இதற்குத் துணை நிற்கும். அகன்ற அலைவரிசையின் வரையறையில் பதிவேற்றத்துக்கும் குறைந்தபட்ச வேகம் குறிப்பிடப்படுவது பரிசீலிக்கத்தக்கது. தன் அறிவையும் கலையையும் உழைப்பையும் பிறருக்குக் காட்ட முடிந்தால்தான், கிராமம் தகவலைப் பெறுவதோடு நில்லாமல் வழங்குவதாகவும் அமையும். வேகத்தை மதிப்பிடும்போது வருவதோடு செல்வதையும் சேர்த்து அளப்பது அதற்கான முதற்படியாகும்.