வளாகத்திற்கு ஒரு பொது மிதிவண்டி

பல்கலைக் கழக விடுதியில் ஒரு மாணவர் மிதிவண்டி ஒன்றை எடுக்கிறார்; வகுப்பறைக் கட்டிடத்தருகே அதை விட்டுச் செல்கிறார். அடுத்த மணியில் வேறொருவர் அதே வண்டியில் ஏறி நூலகத்திற்குச் செல்கிறார். வண்டி எவருக்கும் தனியுரிமை அன்று, அனைவருக்கும் பொது. கேட்பதற்கு எளிய ஏற்பாடுதான். ஆயினும் இதனை மேற்கொண்ட இடங்கள் பலவற்றில் இது தடுமாறியிருக்கிறது. ஏன் தடுமாறியது என்பதை அறிந்தவரே ஒரு வளாகத்திற்கு உகந்த திட்டம் வகுக்க இயலும் என்பது என் துணிபு.

இக்கருத்து முதலில் புகழ் பெற்ற நகரம் ஆம்ஸ்டர்டாம். 1965-ஆம் ஆண்டில் அந்நகரத்துப் 'புரோவோ' இயக்கத்தினர், லூட் ஸ்கிம்மல்பென்னிங்க் என்பவரின் திட்டப்படி, சில மிதிவண்டிகளுக்கு வெள்ளை வண்ணம் பூசிப் பூட்டாமல் தெருவில் நிறுத்தினர். பூட்டாத வண்டியைத் தெருவில் விடுவது சட்டத்திற்குப் புறம்பு எனக் காவல் துறையினர் அவற்றைக் கைப்பற்றினர். இளைஞர்கள் சளைத்தாரில்லை, எண்பூட்டு ஒன்றை மாட்டி, அதனைத் திறக்கும் எண்ணை வண்டியின் மீதே எழுதிவிட்டனர்! நகராட்சி அத்திட்டத்தை ஏற்கவில்லை.

அதே நாட்டில் ஹோகே வெலூவே என்றொரு தேசிய வனம் உண்டு. அங்கு ஏறத்தாழ 1,800 வெள்ளை மிதிவண்டிகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 1970-களில் தோன்றிய அவ்வேற்பாடு இன்றும் நடைபெறுகிறது. நகரில் வேரூன்றாதது வனத்தில் எவ்வாறு வேரூன்றிற்று? வனத்திற்கு வாயில்கள் உள்ளன. வருவோர் சீட்டுப் பெற்றே நுழைகின்றனர். வண்டி அவ்வெல்லையைக் கடந்து போகலாகாது. பல்கலைக் கழக வளாகம் பெருநகரை விட இவ்வனத்தையே பெரிதும் ஒத்தது அன்றோ?

எல்லை மட்டும் போதாது. எடுத்தவர் யார் என்பதும் தெரிய வேண்டும். 1996-இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக் கழகத்தில் காந்தப் பட்டை பொருந்திய அட்டையைக் கொண்டு வண்டியை எடுக்கும் முறை வந்தது. வண்டியை எடுத்த கைக்கு அங்கே ஒரு பெயர் கிடைத்தது. சீனத்தில், பீக்கிங் பல்கலைக் கழக மாணவர்கள் 2014-இல் நிறுவிய 'ஓஃபோ' நிறுவனம் மற்றொரு பாடம் தருகிறது. தம் வண்டியைப் பொதுவுக்குத் தருபவர் பிறர் வண்டிகள் அனைத்தையும் பயன்படுத்தலாம் என்பது அவர்களுடைய தொடக்கக் கருத்து. அழகிய கருத்தே. ஆனால் அவர்கள் பொருத்திய தொடக்ககாலப் பூட்டுகளின் எண் மாறாதது. ஒரு முறை கைப்பேசியில் எண்ணைப் பெற்றவர் அதை மனப்பாடம் செய்துகொண்டால், மறுமுறை கட்டணம் ஏன் செலுத்தப் போகிறார்? நிறுவனம் வளாகத்தை விட்டு நாடெங்கும் பரவிற்று. ஒவ்வொருவரிடமும் முன்பணமாக 99 யுவானும், பின்னர் 199 யுவானும் பெற்றது. 2018 டிசம்பரில் அப்பணத்தைத் திரும்பக் கேட்டு வரிசையில் நின்றவர் ஒரு கோடிக்கு மேல்! மாணவரிடம் முன்பணம் வாங்குவதாயின் அதைத் தனிக் கணக்கில் வைத்தல் வேண்டும். வாங்காமலே இருத்தல் இன்னும் நன்று.

இனி, வளாகத்திற்கே உரிய இடர்ப்பாட்டுக்கு வருவோம். நகரில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரத்தில் புறப்படுகின்றனர். வளாகத்திலோ மணி ஒன்று. அது அடித்தால் அனைவரும் ஒருசேரப் புறப்படுகின்றனர். ஒரு விடுதியில் 300 மாணவர் இருப்பதாகக் கொள்வோம். எட்டரை மணி வகுப்பிற்கு மூன்றில் ஒரு பங்கினர் வண்டி நாடினால், கால் மணி நேரத்தில் 100 வண்டிகள் வேண்டும். அந்நூறும் வகுப்பறை வாயிலில் குவிந்து, நண்பகல் வரை பெரும்பாலும் அசையாமல் நிற்கும். ஒருவருக்கு ஒரு வண்டி என்றாகிவிட்டால் அதில் பகிர்வு எங்கே இருக்கிறது? ஒரு வண்டி நாளொன்றுக்கு 4 முதல் 8 முறை ஓடினால்தான் திட்டம் தகும் என்பர் வல்லுநர். ஆகவே நாள்தோறும் விடுதியிலிருந்து வகுப்பிற்குச் செல்லும் மாணவர் சொந்த வண்டி வைத்துக்கொள்வதே நலம் என்பேன். பேருந்தில் வந்து வாயிலில் இறங்குவோர், இடைவேளையில் நூலகம் செல்வோர், ஓரிரு நாள் விருந்தினர் ஆகியோருக்கே பொது வண்டி பெரிதும் உதவும். துறைகளின் வகுப்பு நேரத்தைக் கால் மணி முன்பின்னாக மாற்றினாலோ, அதே வண்டி இருவருக்குப் பயன்படும். பணச் செலவில்லாத மருந்து இது. பேராசிரியர்கள் இசைய வேண்டும், அவ்வளவே!

வண்டி ஒன்றுக்கு 2 முதல் 2½ நிறுத்திடங்கள் வேண்டும் என்பதையும் மறத்தலாகாது. இல்லையேல் வகுப்பிற்கு விரைபவர் வண்டியை விட இடமின்றிச் சுற்றி வருவார்.

எஞ்சியிருப்பது பழுது பார்த்தல். சங்கிலி கழன்ற வண்டியையும் காற்றுப் போன வண்டியையும் எவரும் தொடமாட்டார்; ஆதலின் அவையே நிலையத்தில் தங்கும். அலுவலகக் கணக்கில் பத்து வண்டிகள் இருக்கும். மாணவர் கண்ணுக்கு ஒன்றும் இராது. பாரிஸ் நகரில் 2007-இல் தொடங்கிய 'வெலிப்' திட்டத்தில், பழுதுற்ற வண்டியைக் கண்டவர் அதன் இருக்கையைப் பின்புறமாகத் திருப்பி வைக்கும் வழக்கம் மக்களிடையே தானே தோன்றிற்று. அவ்வாறு திரும்பிய இருக்கையை அன்றைய மாலைக்குள் நேராக்கும் பணியாளர் யார், அவர் ஊதியம் எந்தத் தலைப்பில் வரும் என்பதை, வண்டிகள் வாங்க ஒப்பந்தம் கோருவதற்கு முன்பே எழுதி வைத்தல் வேண்டும்.