உங்களுக்குத் தெரியுமா? கொல்வது வெந்நீரா, வீட்டுக் குளிரா?

ஜப்பானில் சாலை விபத்தில் இறக்கும் முதியவர்களைவிட வீட்டுக் குளியல் தொட்டியில் மூழ்கி இறக்கும் முதியவர்களே அதிகம். அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்தில்!

பழி தண்ணீர்மீது மட்டுமல்ல, வீட்டின்மீதும்தான். கூடத்தில் மட்டும் ஹீட்டர் ஓடும். நடையும் உடைமாற்றும் அறையும் சில்லென்று கிடக்கும். அங்கே நின்று சட்டையைக் கழற்றியதுமே ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் எகிறும். நடுங்கிக்கொண்டே போய்க் கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்தால் குழாய்கள் விரிந்து அழுத்தம் சரியும். எழுந்திருக்கும்போது தலை சுற்றும், சிலருக்கு நினைவே தப்பிவிடும். ஜப்பானியர் இதை 'ஹீட் ஷாக்' என்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பனி கொட்டும் வடக்கே ஹொக்கைடோவில் வீட்டுக்குள் கதகதப்பாக இருக்கும். அங்கே வீட்டையே குளிருக்கென்று கட்டுகிறார்கள். குளிர் குறைந்த தெற்கு வட்டாரங்களின் வீடுகள்தான் உள்ளே நடுக்குகின்றன.

குளிர்நாட்டு வீடுகளுக்குள் குறைந்தது 18 டிகிரி செல்சியஸ் வேண்டும், முதியவர்களுக்கு இன்னும் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம் (2018).

ஜப்பான் அரசின் அறிவுரை: தண்ணீர் 41 டிகிரியைத் தாண்டக்கூடாது. தொட்டியில் 10 நிமிடம் போதும். முக்கியமாக, குளிக்கப் போகுமுன் வீட்டில் யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.